மக்கரின் குடும்ப விபரம்

எங்கள் பழைய பள்ளிக்கூடத்தின் பெயரை மாற்றப்போகிறார்களாம். போன கிழமை நம்முடைய வட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்ததும் நீங்கள் எல்லோரும் பிடித்த சண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டும் என்று பாதிப்பேர், மாற்றவே கூடாது என்று பாதிப்பேர். முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசுகிற வயதில் உங்களுக்கு இவ்வளவு வீராவேசம் எங்கே இருந்து வருகிறதோ தெரியவில்லை. கடைசியில் அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி ஒருவர் கேட்டார்: "அது சரி, உந்தாள் ஆர்? என்ன செய்தவர்?" அதோடு குழு அடங்கிவிட்டது. ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். என் சொந்தப் பூட்டனின் பெயரைக் கேட்டால் முழிப்பேன். ஆனால் அந்த ஆளின் தகப்பன், தாய், கூடப்பிறந்தவர்கள், கப்பலில் செத்துப்போன தங்கச்சி, இரண்டு தரம் தோற்ற தேர்தல், எல்லாம் எனக்குப் பாடம். நீங்கள் அவரை நடைபாதையில் தொங்கிய படமாகத்தான் பார்த்திருப்பீர்கள். தேங்காய்த் தும்பு போன்ற தாடி, கழுத்தை நெரிக்கிற கொலர், யாரோ தன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனது போன்ற முகம். அவருக்குக் கீழே இருந்த கொழுக்கிகளில்தான் நாங்கள் ஈரத் தொப்பிகளைக் கொழுவினோம்.

பெயரை மாற்றுகிறார்களோ விடுகிறார்களோ, எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் அந்த மனுசனுக்கு நான் ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. பலகையைக் கழற்ற முதல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவும் நானும் கனடாவுக்கு வந்து ஒரு வருசம். வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் வீதியோரமாக இருந்த ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடியில், அப்பாவின் ஊர்ச் சிநேகிதர் ஒருவரின் வீட்டில் ஒரு அறை எங்களுக்கு. சிநேகிதருக்கு இரண்டு வேலை. அந்த அங்கிளை நான் முகமாகப் பார்த்தது குறைவு, வாசலில் கிடக்கும் சப்பாத்தாகத்தான் பார்த்திருக்கிறேன். அவரின் மனைவி, அன்ரி, வீட்டையும் எங்களையும் வாயாலேயே ஆண்டார். அம்மாவும் தம்பியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். ஏஜென்சிக்காரன் இரண்டு பேரைத்தான் கூட்டிப் போவேன் என்றதால் வந்த பிரிவு அது. மூன்று மாதத்தில் எடுத்துவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார். அந்த மூன்று மாதம் போய் அதன் மேல் ஒன்பது மாதமும் போயிருந்தது.

அப்பா ஊரில் விதானையார். கிராம சேவகர் என்று அரசாங்கம் பெயரை மாற்றிய பிறகும் சனம் விதானையார் என்றுதான் கூப்பிட்டது. பங்கீட்டுக் கூப்பன் எடுக்கவும் அடையாள அட்டை எடுக்கவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் அவருடைய கையெழுத்து வேண்டும். இன்னார் இன்னாரின் பிள்ளை, இன்னார் இன்னாரின் மனைவி, இவர்களை நான் நேரில் அறிவேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் அவரின் தொழில். பதினாறு வருசம் அப்படி எழுதிய மனுசன் இங்கே ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிற ஒரு லோண்ட்ரியில் நின்றார். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது அவரில் பிளீச் மணக்கும். விரல் நுனிகள் வெடித்திருக்கும். கதையும் குறைந்துகொண்டே வந்தது. சாப்பிடுவார், யன்னலைப் பார்ப்பார், படுப்பார். இந்த மனுசனுக்கு ஒன்றிலும் அக்கறையில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். பத்து வயதுக்காரிக்கு அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் ரீச்சரை உங்களுக்கு நினைவிருக்கும். உயரமாக, வறட்சியாக, பெப்பர்மின்ற் மணத்தோடு, சிரிப்பே இல்லாமல். வகுப்பு இடாப்பில் என் பெயரும் அப்பாவின் பெயரும் மாறிக் கிடந்ததால் முதல் மூன்று மாதமும் அவர் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். எழும்பி நிற்க எனக்கு வெட்கம். பிழை என்று சொல்ல இங்கிலீசும் இல்லை. தகப்பனின் பெயரை வகுப்பு முழுக்கக் கத்தி விளையாடியவர்களில் நீங்களும் சிலர் இருக்கிறீர்கள், மறந்துவிடாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் தன் பெயர் சொல்லித் தன் மகளைக் கூப்பிடுவதைக் கேட்ட அப்பா, ரீச்சருக்கு நிறத் துவேசம் என்று முடிவுகட்டிவிட்டார். அது எவ்வளவு பெரிய பிழைக் கணக்கு என்று பிறகு சொல்கிறேன்.

மார்கழியில் ரீச்சர் ஆளுக்கொரு தலைப்புக் கொடுத்தார். எனக்கு வந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கொடுத்தவரின் வாழ்க்கையும் குடும்பப் பின்னணியும். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா அந்தத் துண்டை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். 'குடும்பப் பின்னணி' என்ற இடத்தில் அவரின் விரல் நின்றது.

அடுத்த நாள் ஒரு தடித்த கொப்பியோடு வந்தார். மட்டத்தடியால் கோடு போட்டார். பெயர், உறவுமுறை, வயது, தொழில், பிறந்த இடம், குடியேறிய காரணம் என்று நிரல் பிரித்து, மேலே தமிழில் 'குடும்ப விபரம்' என்று தலைப்பு எழுதி இரண்டு கோடு இழுத்தார். ஒரு வருசத்துக்குப் பிறகு எங்கள் விதானையாருக்குத் தன் பிரிவில் ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போனோம். ஈரக் கம்பளி மணம், சூடாக்கியின் டிக் டிக் சத்தம். வெளியே கொண்டுபோக விடாத ஒரு பெரிய புத்தகத்தில் அவரைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. அப்பா அதை நின்றபடியே சொல்லுச் சொல்லாக வாசித்து எழுதினார். ஸ்கொட்லாந்தின் வடக்கில் ஒரு மலைக் கிராமம். தகப்பன் குத்தகைக் காணி செய்தவர். காணிச் சொந்தக்காரன் செம்மறி வளர்ப்பதற்காகக் குடியிருந்தவர்களை எழுப்பிவிட்டான். ஏழு பேர் கப்பலேறினார்கள். ஏழு கிழமை கடல். நடுக்கடலில் ஒரு தங்கச்சி செத்துப்போக, கன்வஸ் துணியில் சுற்றித் தண்ணீரில் விட்டார்கள். தாய்க்கு இங்கிலீசு தெரியாது, தன் ஊர்ப் பாசைதான். ஸ்காபரோவில் காடு வெட்டிக் குடியேறி, எங்கள் ஆள் கல் கொத்தப் பழகி, ஒரு மாவு மில் போட்டு, தேர்தலில் நின்று தோற்று, திரும்ப நின்று வென்று, பாராளுமன்றத்தில் எழும்பி ஏழைப் பிள்ளைக்கும் இலவசப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று மணிக்கணக்காகக் கத்தியிருக்கிறார்.

அப்பா குடியேறிய காரணம் என்ற நிரலில் 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதினார். வழியில் இறந்தோர் ஒன்று என்று எழுதியபோது பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

வீட்டில் றொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த அன்ரிக்கு நான் இதெல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அப்போ உவையும் எங்களைப் போல அகதிகள்தானே, பிறகு என்னத்துக்கு அந்தத் தாடியை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார் என்று அன்ரி கேட்டார். ஒருதரம் கட்சி மாறியவர் என்று சொன்னதும், அப்படியென்றால் அசல் அரசியல்வாதிதான், சந்தேகமில்லை என்றார். ஒரு சம்பந்தம் பேசப் போகிற வீட்டை விசாரிப்பது போலத்தான் அந்த மனுசனின் குடும்பத்தை நாங்கள் விசாரித்தோம். தண்ணி போடுவாரோ என்றும் அன்ரி கேட்டார். புத்தகத்தில் அது இல்லை.

இப்போது நினைத்தால் நாங்கள் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது. அவர்கள் வெட்டிய காடு அதற்கு முதல் ஆருடையது என்று அந்தப் பெரிய புத்தகம் ஒரு வரியும் எழுதவில்லை. பதினாறு வருசம் காணி உறுதிப் பத்திரங்கள் பார்த்த அப்பாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெயரை மாற்றச் சொல்கிறவர்கள் இன்றைக்குக் கேட்பது அதைத்தான். கேட்கட்டும், நியாயமான கேள்வி.

அவருடைய பெயர் 'மக்' என்று தொடங்கும். அந்த 'மக்' அவர்களின் பாசையில் 'மகன்' என்றுதான் அர்த்தம் என்று நூலகத்துப் பெண் ஒருநாள் சொன்னார். அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மக் என்றால் மகன், மகன் என்றால் மக்! அன்றைக்கு வீடு வரும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் மக்கர். ஊரில் கந்தையர், முருகேசர் என்று மரியாதை கொடுப்போமே, அப்படி.

அந்தச் சந்தோசத்தில்தான் பிழை விட்டோம். மகன் என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது தகப்பன் பெயராகத்தானே இருக்க வேண்டும்? எங்களுக்கு அப்படித்தானே? ஆகவே மக்கரின் பெயரின் பின்பாதியை அப்படியே வெட்டித் தகப்பனின் பெயர் என்று எழுதிவிட்டோம். ரீச்சர் சிவப்பால் வட்டம் போட்டு அனுப்பினார். புத்தகத்தைத் திரும்பப் பார்த்தால் தகப்பனுக்கு வேறு பெயர். பெயரில் நிற்பவன் எத்தனையோ தலைமுறைக்கு முந்திய ஒரு கிழவன். அவனுடைய பெயரிலேயே எல்லோரும் வரிசையாக நின்றுவிட்டார்கள். அப்பா தலையை ஆட்டி ஆட்டி அந்த இடத்தைத் திருத்தினார்.

தை மாதம் விசா அலுவலகத்துக் கடிதம் வந்தது. கொழும்பில் அம்மாவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்களாம். வாழ்க்கைத் துணையின் பெயர் குறித்து விண்ணப்பதாரி திருப்தியான விளக்கம் தரவில்லை, உறவு நிரூபிக்கப்படவில்லை, மேலதிக ஆதாரம் இருந்தால் அறுபது நாளுக்குள் அனுப்பவும் என்று அதில் இருந்தது. அன்றைக்கு இரவு அப்பா சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வெள்ளவத்தையில் ஒரு தொலைபேசிக் கடைக்கு வந்து காத்திருந்தார். என்ன கேட்டவர்கள் என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவின் குரல் கடலுக்கு அடியில் இருந்து வருவது போல வந்தது.

"பேரைத்தான் கேட்டவை."

அப்பா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்து, "பாத்தியளே, நான் சொன்னனான். பேர்தான் பிரச்சினை" என்றார்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவின் கடைசிப் பெயர் அப்பப்பாவின் பெயர். என் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். அம்மாவோ கலியாணத்துக்குப் பிறகும் எழுத்தில் தன் தகப்பன் பெயரைத்தான் வைத்திருந்தார். எங்களுக்கு அது ஒரு குடும்பம். வெள்ளைக்காரனின் கோப்பில் மூன்று பேருக்கு மூன்று குடும்பம். ஊரில் ஆயிரம் பேருக்கு உறவு எழுதிக் கொடுத்தவரின் சொந்த மனைவியை மனைவி என்று நம்ப ஆளில்லை.

அன்ரியிடம் உடனேயே வழி இருந்தது. அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே பெயருக்கு மாற்றி, பிழையாகப் பதிந்துவிட்டது என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினார்களாம். விசா வந்துவிட்டதாம். "அண்ணை, எல்லாருக்கும் ஒரு பேரைப் போட்டுவிட்டா அலுவல் முடிஞ்சுது. ஆர் உங்கை தோண்டிப் பாக்கப்போறான்?"

அப்பா முடியாது என்றார். பிழையாகப் பதியவில்லை, சரியாகத்தான் பதிந்திருக்கிறது, நானே பதிந்தது, அதைப் பொய் என்று நானே கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அம்மாவின் சட்டை மணம் கூட எனக்கு மறந்துகொண்டு வந்த நேரம் அது. தலையணையில் முகத்தை வைத்து அதைத் தேடிப் பார்ப்பேன், வராது.

"அம்மாவைவிட உங்களுக்கு உங்கட அப்பான்ர பேர் பெரிசோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. பிடிவாதக்காரத் தகப்பன் என்று அன்ரியும் நானும் குசினி அடுப்படியில் நின்று குசுகுசுத்தோம். அன்ரி எனக்காக உண்மையாகவே அழுதார். அந்த அழுகைக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

நாலாம் நாள் ரீச்சர் நான் குடும்ப மரம் கீறிக் கொடுத்த பிறிஸ்ரல் அட்டையைத் திருப்பித் தந்தார். மக்கரின் குடும்ப மரத்தில் தாய்க்கு உரிய பெட்டி வெறுமையாக இருந்தது. இங்கிலீசு தெரியாத பெண் என்று மட்டும்தான் புத்தகத்தில் இருக்கிறது, பெயர் இல்லை என்று விக்கி விக்கிச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், போய்க் கண்டுபிடித்துக்கொண்டு வா என்றார் ரீச்சர். பத்து நிமிச நடையில் இருந்த கல்லுக் கோவிலுக்குப் பின்னால் அவர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது என்று ஒரு துண்டில் வழியும் கீறித் தந்தார்.

கதைக்க மாட்டேன் என்று இருந்த நான் அந்தத் துண்டை அப்பாவின் முன் வைத்தேன். ஞாயிறு காலை போனோம். முழங்கால் அளவு பனி. கம்பளிக் கையுறைக்குள் என் விரல்கள் விறைத்துப்போயின. கற்கள் பாதி சாய்ந்து, எழுத்துகள் மழையில் கரைந்து, ஒன்றும் வாசிக்க முடியவில்லை. நான் போவோம் என்று சிணுங்கினேன்.

அப்பா குனிந்து கை நிறையப் பனியை அள்ளி ஒரு கல்லின் முகத்தில் அழுத்திப் பூசினார். பிறகு புறங்கையால் மெல்ல வழித்துவிட்டார். வெட்டுக்குள் மட்டும் வெள்ளை தங்கி, கறுத்த கல்லில் எழுத்துகள் பளிச்சென்று எழும்பி வந்தன. ஊரில் பழைய எல்லைக் கற்களில் சாம்பல் பூசி இப்படித்தான் வாசிப்பாராம். பதினோராவது கல்லிலோ பன்னிரண்டாவதிலோ மக்கரின் தகப்பன் வந்தார். அதற்குக் கீழே, 'அவரின் மனைவி' என்று ஒரு பெயர். நான் வாசித்தேன். அப்பா என்னைத் தள்ளிவிட்டு மண்டியிட்டுத் தானே வாசித்தார். அவளுடைய கடைசிப் பெயர் மக்கரின் பெயர் இல்லை. வேறு. அவளின் தகப்பன் வழிப் பெயர்.

இன்னும் பனியைப் பூசினார். கீழே இரண்டு ஆண்பிள்ளைகள். இங்கிலீசில் ஒருவனின் மக்கில் மூன்று எழுத்து, மற்றவனின் மக்கில் இரண்டு எழுத்து; அண்ணன் தம்பியே ஒரே மாதிரி எழுதவில்லை.

"பிள்ளை, இஞ்சை பார்" என்றார். "ஒரே கல்லு. புருசன் ஒரு பேர், பெண்சாதி ஒரு பேர். இவையை ஆராவது குடும்பம் இல்லை எண்டவனே?"

அவர் அழுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணீர் தாடையில் உறையப் போகிறதோ என்று பயந்து என் சால்வையால் துடைத்துவிட்டேன். எங்கள் கோபம் அத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்தால் அன்ரி கதவைத் திறக்கவில்லை. சுடலைக்குப் போய்விட்டுத் தலை தோயாமல் உள்ளே வருவதோ? ஏழாம் மாடி நடைபாதையில் எங்களை நிறுத்தி, வாளியில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தலையில் தெளித்தார். எதிர் வீட்டு ஜமேக்கா மூதாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு துவாயைக் கொண்டுவந்து என் தலையில் போட்டார். அந்தத் துவாயைத் திருப்பிக் கொடுத்தோமா என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

அப்பா அங்கிளின் கமராவை இரவல் வாங்கி அந்தக் கல்லைப் படம் பிடித்தார். பிறகு விசா அலுவலகத்துக்கு இங்கிலீசில் கடிதம் எழுதத் தொடங்கினார். எட்டுப் பக்கம் வந்தது. தாழ்மையுடன், தயைகூர்ந்து, தங்கள் மேலான சமூகத்துக்கு என்று முழங்கியது. நான் அதையும் படத்தையும் என் அட்டையோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய்விட்டேன். அப்பாவைக் கேட்கவில்லை. ரீச்சர் அதை வாசித்தார். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பாவை வரச் சொன்னார்.

துவேசக்காரி என்று பெயர் வைத்திருந்த அந்த மனுசி பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு கிழமையாக அப்பாவோடு இருந்து அந்தக் கடிதத்தை ரைப் பண்ணினார். எட்டுப் பக்கத்தை இரண்டு பக்கமாக வெட்டினார். ஒவ்வொரு 'தாழ்மையுடன்' வெட்டுப்படும்போதும் அப்பாவுக்கு ஒரு பல் பிடுங்கினது போல இருந்தது. தன்னுடைய பாட்டியின் கல்லிலும் அவளுடைய சொந்தப் பெயர்தான் இருக்கிறது என்று ரீச்சர் அப்போது சொன்னார். என் பெயரை மூன்று மாதம் மாற்றிக் கூப்பிட்டதற்கு மன்னிப்பும் கேட்டார். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரிய ஆள் மன்னிப்புக் கேட்டு நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

கடிதத்தில் எனக்கு நினைவிருக்கிற இடம் இதுதான்: உங்கள் பாராளுமன்றத்தில் இருந்த ஒரு மனிதரின் தாயும் தகப்பனும் வேறு வேறு பெயர்களோடு ஒரே கல்லின் கீழ் கிடக்கிறார்கள், எங்களையும் அந்த அளவுக்கு நம்புங்கள். அதற்குக் கீழே ரீச்சர் தன் கையால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வைத்தார். இந்தக் குடும்பத்தை நான் நேரில் அறிவேன். அப்பா லிப்டுக்குள் அதை எடுத்து எடுத்துப் பார்த்தார். பதினாறு வருசம் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த வசனம். அவருக்கு ஒருவர் எழுதித் தந்தது அதுதான் முதல் தரம்.

பங்குனியில் அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனியில் அம்மாவும் தம்பியும் வந்து இறங்கினார்கள். தம்பி அப்பாவைப் பார்த்து ஆர் என்று கேட்டான். அம்மா ஆரோ கொடுத்த ஊதாக் கம்பளிச் சட்டையோடு நின்று என்னைத் தலையில் இருந்து கால்வரை தடவினார். என் தோளில் கை வைத்து, எலும்பு தட்டுகிறது, என்ன சாப்பிட்டாய் என்றார். அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்ததும் நான் தேடிய மணம் வந்துவிட்டது. மக்கருக்கு எனக்குக் கிடைத்தது பி பிளஸ். எழுத்துப் பிழைகளுக்காகக் குறைத்திருந்தார் ரீச்சர்.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருசம் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். கலியாண வீடு, புதுவீடு குடிபூரல், சாமத்தியச் சடங்கு, ஒன்றையும் விடவில்லை. செத்துப்போன ஒரு வெள்ளைக்காரி எழும்பி வந்து என்ர மனிசிக்குச் சாட்சி சொன்னவ என்று முடிப்பார். உங்களில் சிலரும் கேட்டிருப்பீர்கள், அது மக்கரின் வீட்டுக் கல் என்று தெரியாமல். அம்மா பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றுவார், சிரிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

அப்பா போய் இரண்டு வருசம். மரணச் சடங்கு ஒழுங்கு செய்கிற இடத்தில் ஒரு தமிழ்ப் பெடியன், இங்கே பிறந்தவன், மரணப் பதிவுக்கான படிவத்தோடு எங்கள் முன் இருந்தான். "அம்மம்மா, ஐ ஆம் சோ சொறி. அவற்ற ஃபுல் நேமை ஒருக்காச் சொல்லுறீங்களா?" என்றான். எங்கள் வீட்டுப் படிவங்கள் எல்லாம் நான்தான் நிரப்புவது. வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, அப்பப்பாவின் பெயரைச் சொல்லி, பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னார். நிறுத்தி, தெளிவாக.

இஞ்சாருங்கோ, பிள்ளையின்ர அப்பா, இவர், இவ்வளவுதான் அம்மாவின் வாயில் நான் கேட்டது. புருசன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்த மனுசி. காரில் வரும்போது கேட்டேன், எப்படி அம்மா வந்தது என்று.

"முந்தியும் ஒருக்காச் சொன்னனான்" என்றார். "கொழும்பிலை. முதல்தரம் கூப்பிட்டுப் புருசன்ர பேரென்ன எண்டு கேட்டவை. எழுதினதிலை கிடக்குத்தானே எண்டன். வாயாலை சொல்லட்டாம். எனக்கு வரேல்லைப் பிள்ளை. மூண்டு தரம் கேட்டாங்கள். குனிஞ்சுகொண்டு இருந்திட்டன். உவளுக்குப் புருசன்ர பேரும் தெரியாது எண்டு நினைச்சிருப்பாங்கள்."

நான் காரை மெதுவாக்கினேன்.

"ரெண்டாந்தரம் போகேக்கை வெளியிலை மர வாங்கிலை குந்தி இருந்து இருபது தரம் சொல்லிப் பாத்தனான். தம்பி சிரிச்சவன். உள்ளை போனன், கேட்டவை, சொன்னன். முடிஞ்சுது."

"அப்ப அப்பான்ர கடிதம்?"

"அதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை." கொஞ்சம் யோசித்தார். "ஆனால் ரெண்டாந்தரம் ஏன் கூப்பிட்டவங்கள் எண்டு எனக்குத் தெரியாது. அது உந்தக் கடிதமாயும் இருக்கும்."

இத்தனை வருசம் அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், இது ஒரு கேள்வியா என்பது போல.

"பனிக்குள்ளை முழங்காலிலை நிண்டு கல்லுத் துடைச்ச மனிசனுக்கு, நீங்கள் துடைச்சிருக்கத் தேவையில்லை எண்டு சொல்லுறதே?"

ஆகவே, நண்பர்களே, பலகையைக் கழற்றுவதென்றால் கழற்றுங்கள். மக்கருக்கு என் நன்றி குறையவில்லை. அந்தப் பனிக்காலத்தில் என் அப்பா திரும்பவும் விதானையாராக இருந்தார், அது அவரால் வந்தது. ரீச்சருக்கும் அன்ரிக்கும் அந்தத் துவாய்க்கும் நன்றி. எங்கள் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அம்மாவோடு காரில் வரும்போது லோரன்ஸ் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. இன்னொருக்காச் சொல்லுங்கோ அம்மா என்றேன். முன்னால் பார்த்தபடியே அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னார். பச்சை விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.